ஒப்பந்த சுதந்திரமும் ஒன்றரை ஷிப்ட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தொழிலில் அரசு தலையிடாதிருப்பதே தாராளவாதம் என்று நம் பகுதித் தொழில்துறையினர் பலர் கருதுவதால் இதை எழுதுகிறேன். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜான் லாக் மன்னரின் வரம்பற்ற அதிகாரத்தை மறுத்ததிலிருந்தும், 1776இல் பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித் வணிக ஏகபோகங்களைச் சாடியதிலிருந்தும் வளர்ந்தது அக்கொள்கை. கூலியை உயர்த்தாதிருக்க முதலாளிகள் ஓசையின்றி ஒன்றுகூடுவதையும், தொழிலாளர் கூடினால் மட்டும் சட்டம் பாய்வதையும் அதே ஸ்மித் சுட்டிக்காட்டியிருக்கிறார். அந்தப் பகுதியை எவரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் வருத்தம். பிரிட்டனில் தொழிற்சங்கத் தடை 1824இல்தான் நீங்கியது. ஆலைகளுக்கு ஆய்வாளர்களை நியமித்த 1833ஆம் ஆண்டுச் சட்டமும், பெண்களுக்கும் சிறார்க்கும் 10 மணி நேர வேலையை வரையறுத்த 1847ஆம் ஆண்டுச் சட்டமும், தலையிடலாகாது என்ற வாதத்தை மீறியே வந்தன.

திருப்பூரில் ஆர்டர் நெருக்கும் வாரங்களில் பவர் டேபிள் என்னும் மின் தையல் எந்திரத்தில் ஒன்றரை ஷிப்ட், அதாவது சுமார் 12 மணி நேரம், தைக்கும் பெண், தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்னும் பீஸ் ரேட்டுக்குத் தானே ஒப்புக்கொண்டவர்தாம்; இதைத்தான் ஒப்பந்த சுதந்திரம் என்கிறார்கள். ஆனால் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் முன்னால் நிற்கும்போது மறுக்கும் சுதந்திரம் அவருக்கு எவ்வளவு இருக்கிறது? 12 மணி நேர வேலைக்கு வழிவிட்ட 2023ஆம் ஆண்டுத் திருத்த மசோதாவைத் தமிழக அரசு திரும்பப் பெற்றது சரியான முடிவு. நூல் விலை ஏறும்போது அரசின் தலையீட்டைக் கோரும் தொழில்துறையினர், வேலை நேரத்திலும் அதே நியாயத்தை ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பனியன் கம்பெனிக் கணக்கர்,
அவிநாசி.