மூக்கனேரி முதல் உத்தமசோழபுரம் வரை வழிவிட்ட எல்லோருக்கும் நன்றி

சேலத்து உறவுகளுக்கு வணக்கம்.

மூக்கனேரிக் கரையில் கிளம்பிய எங்கள் நடை, நம் ஊர் ஆறான திருமணிமுத்தாற்றை ஒட்டியே போய் உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயிலில் நல்லபடியாக முடிந்தது. ஒரே மூச்சில் நடக்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துப் பிரித்துத்தான் நடந்தோம். எழுபது தாண்டிய பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து வந்தார்கள். ஒருவர் காலிலும் முள் தைக்காமல் வீடு வந்து சேர்ந்தோம் என்றால் அது வழிநெடுக இருந்தவர்கள் செய்த உதவி. ஊரறிய அதைச் சொல்ல வேண்டும்.

முதலில், இந்த நடைக்கு வித்திட்ட சென்னைக்கு ஒரு நன்றி. பெசன்ட் நகர் கடற்கரையிலிருந்து உடைந்த பாலம் பக்கமாக, அடையாறு கடலில் சேரும் முகத்துவாரம் வரை எங்களைக் கூட்டிப்போனவர் அங்கிருக்கும் ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியை. தொல்காப்பியப் பூங்காவையும் காட்டினார். குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த உப்பங்கழி அது. சீர்செய்து 2011-இல் பூங்காவாகத் திறந்தார்கள், இப்போது அலையாத்தி மரங்கள் தழைத்து நிற்கின்றன. எங்கள் ஊரில் கடல் ஏதம்மா என்று எங்களில் ஒருவர் ஏங்கியதற்கு, "மலையிலிருந்து ஆறு இறங்குதே, அது போதாதா? வரைபடத்தை அப்புறம் பாருங்க. கரையில குடியிருக்கறவங்ககிட்ட முதல்ல கேளுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எங்களை நடக்கவைத்தது. அம்மா, நீங்கள் சொன்னபடியே கேட்டோம். ஒருவர்கூட முகம் திருப்பவில்லை.

சேர்வராயன் மலையில் பெய்கிற மழை கன்னங்குறிச்சிப் புது ஏரியை நிரப்பிவிட்டு மூக்கனேரிக்கு இறங்கும். 2010-இல் சேலம் மக்கள் குழு மூக்கனேரியைக் கையில் எடுத்துத் தூர்வாரியது. அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள், மண் கரையாதிருக்க வெட்டிவேர் வைத்தார்கள். அந்தத் திட்டுகளில் இன்று நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருப்பதைப் பிள்ளைகள் நெடுநேரம் பார்த்தார்கள். தொலைநோக்கியைக் கையில் கொடுத்துப் பொறுமையாகக் காட்டிய கல்லூரி மாணவிகளுக்கும், அன்று வெயிலில் மண் சுமந்த முகம் தெரியாத எல்லோருக்கும் எங்கள் நன்றி.

ஊருக்குள் வந்த பிறகு ஆற்றின் நிலை வேறு. அணைமேடு பக்கம் போகும்போதே நாற்றம் வயிற்றைப் புரட்டியது. கரை எங்கே கெட்டி, எங்கே வெறும் குப்பைமேடு என்பது எங்களுக்குத் தெரியாது. மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர் அக்கா ஒருவர், தம் வேலைக்கு நடுவே கூடவே வந்து, துடைப்பக் கட்டையால் தட்டித் தட்டிப் பார்த்து, "இங்க கால வைங்க சாமி, அங்க வேணாம்" என்று பெரியவர்களைக் கைபிடித்துக் கடத்திவிட்டார். தினம் அந்த நாற்றத்தில் நிற்பவர் அவர். நாங்கள் ஒரு காலைப்பொழுதுக்கு மூக்கைப் பொத்திக்கொண்டது எங்களுக்கே கூச்சமாக இருந்தது. கையுறையும் காலுறையும் இல்லாமல் அவர்கள் வேலை செய்வதை இனி நாங்கள் சும்மா பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய முருகன் இருக்கும் சுகவனேசுவரர் கோயிலும், கோட்டை மாரியம்மன் கோயிலும் இந்த ஆற்றங்கரைக் கோயில்கள்தான். கடைவீதிப் பக்கமாகவே போய்வந்து பழகிய நமக்கு அது மறந்தே போயிருந்தது. ஆடிப் பண்டிகைக் கூட்டத்தில் எத்தனை முறை அங்கே நின்றிருப்போம், ஆற்றைத் திரும்பிப் பார்த்ததுண்டா?

கொண்டலாம்பட்டிப் பக்கம் வந்தபோது கரையில் வழி அறவே இல்லை, சீமைக்கருவேலம் அடைத்துக்கொண்டிருந்தது. திரும்பிப் போக வேண்டியதுதான் என்று நின்றபோது ஒரு பாட்டி பொடக்காலிக் கதவை, அதாவது வீட்டின் கொல்லைப்புறக் கதவைத் திறந்து, "எங்கூட்டு வழியா போயிருங்க கண்ணு" என்றார். உள்ளே தறிக்குழியில் உட்கார்ந்து அவர் மகன் பட்டு நெய்துகொண்டிருந்தார். நாங்கள் அத்தனை பேரும் கடக்கும்வரை தறி நாடாவை நிறுத்திவிட்டு எழுந்து நின்றார். வாசலில் இறங்கினால் தெரு நீளத்துக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல், நீட்டியிருந்தார்கள். ஓர் இழை அறுந்தாலும் அவர்களுக்கு வேலை கெட்டுவிடும். இருந்தும் யாரும் எங்களை அதட்டவில்லை. பாவைச் சற்றே ஒருபக்கம் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போகும்வரை காத்திருந்தார்கள். கைவேலையை நிறுத்தினால் கூலி போகும் வீடுகள் அவை. இந்த மடலை எழுத உட்கார்ந்ததே அந்தத் தெருவுக்காகத்தான்.

பெரியவர்களுக்காகப் பின்னாலேயே ஆட்டோவை ஓட்டிவந்து வாடகை வாங்க மறுத்த தம்பிக்கும், முதலுதவிப் பெட்டியோடு வந்த செவிலியர் அக்காவுக்கும், குகைப் பகுதியில் தட்டுவடை செட் போட்டுக்கொடுத்த தள்ளுவண்டி அண்ணனுக்கும் நன்றி. காரச் சட்னியைக் குறைத்து, பீட்ரூட்டும் கேரட்டும் கூடுதலாக வைத்து, பிள்ளைகளுக்கென்றே தனியாகப் போட்டுத் தந்தார் அண்ணன்.

கரபுரநாதர் கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா, பாரி மகளிருக்கு ஒளவையார் இங்கேதான் கல்யாணம் பண்ணிவைத்தார் என்ற கதையைப் பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்துச் சொன்னார். களைத்துச் சுணங்கியிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அம்மாவுக்கும், நடை சாத்தும் நேரம் கடந்தும் எங்களுக்காகக் காத்திருந்த குருக்களுக்கும் நன்றி.

கரை எங்கெங்கே அறுந்திருக்கிறது, எங்கே வேலி மறிக்கிறது, எங்கே ஒரு பலகைப் பாலம் போட்டால் போதும் என்று பிள்ளைகள் குறித்துவைத்த தாள்களை மாநகராட்சியில் கொடுத்திருக்கிறோம். நடக்க விரும்புகிறவர்கள் எங்களிடம் கேட்டு நகல் வாங்கிக்கொள்ளலாம். பாவு நீட்டும் தெருவை மட்டும் வெயில் ஏறி, பாவு சுருட்டிய பிறகு கடந்து போங்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
நடந்தவர்கள் எல்லோர் சார்பிலும்