குட்டைக்குள்ள இருக்கறவ எல்லா ஊர்லயும் இருக்கா

வணக்கம் ஆசிரியர் ஐயா,

போன ஞாயித்துக்கிழமை வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தரு எழுதியிருந்தாரு, சிறுவர் பக்கத்துல ஈயக்குட்டை, அதான் ஈயம் தோண்டுன பள்ளத்துல தண்ணி நின்ன குட்டை, அதுல இருக்கற மோகினி கதைய போட்டது தப்பு, இதனாலதான் நம்ம சமுதாயம் இன்னும் பின்னாடி கெடக்கு, வெள்ளைக்காரன் இந்த மாதிரி கதையெல்லாம் பிள்ளைங்களுக்கு சொல்றதே இல்லைன்னு. மத்ததெல்லாம் அவரு கருத்து, இருந்துட்டு போவட்டும். அந்த கடைசி வரிக்குத்தான் இந்த கடுதாசி.

நான் மலேசியாவுல சிலாங்கூர் பக்கம் பத்தாங் பெர்ஜுந்தைக்காரன். பேர பெஸ்தாரி ஜெயான்னு மாத்தி எத்தன வருஷம் ஆச்சு, இன்னமும் எனக்கு வாயில பத்தாங்னுதான் வருது. அப்பா அம்மா ரெண்டு பேரும் ரப்பர் தோட்டத்துல பால் எடுக்க மரம் சீவுனவங்க, நான் மட்டும் தோட்டத்துல தங்காம கிள்ளான் போர்ட்டுல சரக்குக் கப்பல் ஏறிட்டேன், இருபத்திரெண்டு வருஷம் இஞ்சின் ரூம்லயே போச்சு. கப்பல்ல என்ன பொழுதுபோக்கு சொல்லுங்க, வாட்ச், அதான் நம்ம முறை வேலை, முடிஞ்சா ஒரு கோப்பிய கலக்கிகிட்டு உக்காந்து கத பேசறதுதான், அதுல போலந்துக்காரன் இருப்பான், நார்வேக்காரன் இருப்பான், ஸ்காட்லாந்துக்காரன் இருப்பான், நான் ஒருத்தன் தோட்டத்து முனியாண்டி கதைய சொன்னா அவனுங்க ஆளுக்கு மூணு கத வச்சிருப்பானுங்க. அதனால சொல்றேன், வெள்ளைக்காரன் சொல்றதில்லையாவது! அவன் ஊர்ல பேய் இல்லாத ஆத்த தேடித்தான் பிடிக்கணும்.

இங்கிலாந்துல லங்காஷயர் பக்கம் பச்சப்பல்லு ஜென்னின்னு ஒருத்தி, ஜென்னி கிரீன்டீத். நம்ம குட்டை மேல பச்சையா பாய் விரிச்ச மாதிரி பொடி இலைப் பாசி படருமே, அதுக்கு அடியில அவ படுத்திருப்பா, பக்கத்துல வர பிள்ளைங்க கால நீளக் கையால புடிச்சு இழுத்துருவா. இதுல வேடிக்கை என்னன்னா அங்க அந்தப் பாசிக்கே பேரு ஜென்னி கிரீன்டீத்தான். அப்போ பாசிய பாத்தாலே பிள்ளைக்கு பேரு ஞாபகம் வந்துரும், பேரு ஞாபகம் வந்தா கால் தானா நின்னுரும். தரைன்னு நெனச்சு பாசி மேல கால வச்சா என்ன ஆவும்னு அஞ்சு வயசு பிள்ளைக்கு விளக்கி புரியவைக்க முடியுமா? முடியாது. பல்லு பச்சையா ஒரு கெழவி இருக்கான்னு சொன்னா ஒரே நாள்ல புரியும். வடக்க டீஸ்னு ஒரு ஆறு, அதுல பெக் பௌலர்னு இன்னொருத்தி, ஆத்துல நுரை மெதந்து வந்தா பெக் பௌலர் துணி தொவைக்கிறா, அது சவுக்கார நுரைன்னு சொல்லுவாங்களாம். நுரை வந்தா மேல தண்ணி ஏறி வேகமா வருதுன்னு அர்த்தம், வேற என்ன.

நான் கவனிச்ச ஒண்ணு, இந்த பேய்ங்களுக்கு எல்லாம் விலாசம் இருக்கு. சும்மா பொத்தாம் பொதுவா தண்ணில பேய்னு இல்ல. பெக் பௌலர் டீஸ் ஆத்த விட்டு வர மாட்டா. டெவன் பக்கம் டார்ட்னு ஒரு ஆறு, அது வருஷத்துக்கு ஒரு உசுரு கேக்கும்னு ரெண்டு வரி பாட்டாவே வச்சிருக்கானுங்க, எங்க பாட்டி சிலாங்கூர் ஆத்த காட்டி வருஷம் ஒரு காவு வாங்காம அடங்காதுன்னு சொன்னதும் அதேதான், அவங்க டெவனையும் பாத்ததில்ல டார்ட்டையும் பாத்ததில்ல.

விலாசம்னு சொல்றப்போ ஜெர்மனியில ரைன் ஆத்துல லோரெலைய சொல்லாம இருக்க முடியாது. சாங்க்ட் கோவார்ஸ்ஹௌசன்னு ஒரு சின்ன ஊரு, அங்க 132 மீட்டர் ஒசரத்துல ஒரு பாறை ஆத்து ஓரத்துல செங்குத்தா நிக்கும். அது மேல ஒரு பொண்ணு உக்காந்து தங்க முடிய சீவிகிட்டு பாடுவாளாம், கப்பல்காரன் அண்ணாந்து பாத்துகிட்டே பாறையில மோதிருவானாம். நான் என்னமோ ஆயிரம் வருஷத்து கதைன்னு நெனச்சிருந்தேன், ஆனா அந்த பொண்ண 1801ல பிரென்டானோன்னு ஒரு கவிஞர் எழுதிதான் கொண்டு வந்தாரு, அப்புறம் 1824ல ஹைனே எழுதுன கவிதைக்கு 1837ல மெட்டு போட்டு ஊரே பாட ஆரம்பிச்சுட்டாங்க. பொண்ணு புதுசு, பாறை பழசு. ஆறு அங்க குறுகி வளையும், தண்ணி வேகம், அடியில கல்லு, அந்தப் பாறையில எதிரொலி வேற கேக்கும். 2011 ஜனவரில 2,400 டன் சல்ஃபியூரிக் ஆசிட் ஏத்திகிட்டு வந்த டேங்கர் கப்பல் லோரெலை பக்கத்துலதான் கவுந்துச்சு, நாலு பேர்ல ரெண்டு பேரு திரும்பி வரல. ரேடார் இருக்கு, அந்த வளைவுல கப்பலுக்குன்னே லைட் சிக்னல் வச்சிருக்காங்க, இருந்தும் நடந்துச்சு. அப்போ எந்த எடத்துல ஆபத்துன்னு கதை சரியாத்தான் கை காட்டியிருக்கு, பொண்ணு இருக்காளா இல்லையாங்கறத விடுங்க.

இதுல எனக்கு ரொம்ப புடிச்சது குதிரை. ஸ்காட்லாந்துல கெல்பின்னு சொல்லுவாங்க, ஆத்தங்கரையில அழகா ஒரு குதிரை நிக்கும், ஏறுனா முதுகோட ஒட்டிக்கும், அப்படியே தண்ணிக்குள்ள போயிரும். ஃபால்கிர்க்னு ஒரு ஊர்ல 30 மீட்டர் ஒசரத்துக்கு ரெண்டு குதிரைத் தலைய இரும்புல பண்ணி வச்சு அதுக்கு கெல்பீஸ்னே பேரும் வச்சிருக்காங்க, மூடநம்பிக்கைக்கு அரசாங்கமே செலை வச்ச மாதிரிதான ஐயா இது? ஸ்வீடன்ல இதோட சொந்தக்காரன் ஒருத்தன், பெக்கஹெஸ்டன், ஓடைக்குதிரை. ஒரு பிள்ளை ஏறுனா முதுகு கொஞ்சம் நீளும், ரெண்டாவது பிள்ளைக்கு எடம் வந்துரும், அது ஏறுனா இன்னும் நீளும், கடைசியில எல்லாரும் ஏறுனதும் தண்ணிக்குள்ள பாய்ஞ்சிரும். ஸ்காட்லாந்து கதையில ஒரு பையன் குதிரைய வெரலால தொடுவான், வெரல் ஒட்டிக்கும், கத்திய எடுத்து வெரல வெட்டிட்டு தப்பிப்பான், ஏறுன மத்த பிள்ளைங்க போனதுதான். மொத தடவ கேக்குறப்போ சிரிச்சேன். அப்புறம் கப்பல் படுக்கையில படுத்துகிட்டு யோசிச்சா சிரிப்பு வரல. ஒவ்வொரு பள்ளி லீவுக்கும் நம்ம பேப்பர்ல என்ன படிக்கிறோம், ஒருத்தன் வழுக்கி விழுந்தான், காப்பாத்தப் போன அண்ணனும் போயிட்டான், அண்ணன புடிக்கப் போன கூட்டாளியும் போயிட்டான்னுதான. முதுகு நீளுற குதிரைன்னா அதுதான். தண்ணில ஒருத்தன் மாட்டுனா கைய குடுக்காத, குச்சிய நீட்டு, கயித்த போடு, ஆள கூப்புடுன்னு பொம்பாக்காரங்க, அதான் தீயணைப்புக்காரங்க, பள்ளிக்கு வந்து சொல்லி குடுக்கறாங்க, நல்லதுதான், ஆனா எத்தன பிள்ளை அத வீட்டுக்கு எடுத்துட்டு போவுது? குதிரைய மறக்காது.

எல்லாம் பயமுறுத்துற கதையும் இல்ல. நார்வேயில அருவிக்குள்ள ஃபொஸ்ஸெகிரிம்னு ஒருத்தன், பிடில் வாசிக்கிறதுல அவன அடிச்சுக்க ஆளில்ல. வியாழக்கிழமை சாயங்காலம் ஆட்டுக்கறி கொண்டுபோய் போட்டா கத்து குடுப்பான், எப்படின்னா நம்ம வெரல புடிச்சு ரத்தம் வர வரைக்கும் தந்தி மேல இழுப்பான். கறி கொறச்சலா இருந்துச்சுன்னா சுருதி கூட்ட மட்டும் சொல்லிக் குடுத்து அனுப்பிச்சிருவானாம், வாசிக்க வராது. எங்க ஊரு உருமி குரூப் மாஸ்டர் ஒருத்தரும் பீஸ் பாக்கி வச்சா இப்படித்தான் பண்ணுவாரு.

கடல்கன்னிய பத்தி எழுதணும்னு நெனச்சேன், ஆனா அது கார்ட்டூன்ல போய் ரொம்ப நாளாச்சு. கோப்பன்ஹேகன்ல எறங்குனப்போ அந்த செலைய பாத்தேன், 1913ல வச்சது, ஒன்னேகால் மீட்டர்தான், நம்ம கோயில் வாசல்ல இருக்கற துவாரபாலகர் இத விட பெருசு. 1964ல யாரோ அதோட தலைய அறுத்துட்டு போயிட்டானாம், புதுத் தலை வச்சிருக்காங்க. அவ்ளோதான்.

இப்போ கடிதம் எழுதுனவருக்கு நான் ஒரு எடம் விட்டுக் குடுக்கறேன். போலந்துக்கார தேர்ட் இஞ்சினியர் ஒருத்தர் ருசல்கா கதைய சொல்லுவாரு, ரஷ்யா உக்ரைன் போலந்து பக்கமெல்லாம் இருக்கு. கல்யாணம் ஆவாம செத்த பொண்ணு, ஏமாத்தப்பட்டு தண்ணில குதிச்ச பொண்ணு, அவங்கதான் ருசல்கா. ஜூன் மாச தொடக்கத்துல ஒரு வாரம் அவங்களுக்குன்னே விட்டுருவாங்க, அந்த வாரம் கிராமத்துல யாரும் ஆத்துல எறங்க மாட்டாங்க, ஈரமா முடிய விரிச்சு போட்டுகிட்டு மரக்கெளையில ஊஞ்சலாடுவாங்களாம். ட்வோர்ஷாக் இத வச்சு ஒரு ஓபெராவே பண்ணி 1901ல பிராக்ல மேடை ஏத்தியிருக்காரு. பக்கத்து செக் நாட்டுல வோட்னிக்னு ஒரு ஆம்பள, பச்சை கோட்டு, கோட்டு நுனியில எப்பவும் தண்ணி சொட்டிகிட்டே இருக்கும், முழுகிப் போனவங்க ஆவிய பீங்கான் கோப்பைக்குள்ள மூடி வச்சு குளத்தடியில வரிசையா அடுக்கி வச்சிருப்பான்.

அவரு ருசல்கா கதைய சொல்லி முடிச்சப்போ எனக்கு கெணறு ஞாபகம் வந்துச்சு. எங்க லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீட்டுக்கு, பின்னால ஒரு கெணறு இருந்துச்சு, மூடிட்டாங்க. அதுல ஒரு அக்கா குதிச்சிட்டாங்க, நான் அப்ப சின்னப் பையன். அப்புறம் வெள்ளிக்கிழமை ராத்திரியில கொலுசு சத்தம் கேக்குது, வெள்ளைச் சேலை தெரியுதுன்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க, நாங்களும் அந்த பக்கம் போறதில்ல. கொலுச பத்தி பேசாத ஆளில்ல, அவங்க ஏன் குதிச்சாங்கன்னு கேட்ட ஆளத்தான் நான் பாத்ததில்ல. எல்லாருக்கும் தெரியும்னு பின்னாடிதான் எனக்கு வெளங்குச்சு. காரணமான ஆளு பெரிய எடம், அந்த ஆளு பேர சொன்னா பத்துச் சீட்டு கிழியும், அதாவது வேல போயிரும், மோகினின்னு சொன்னா யாருக்கும் நஷ்டம் இல்ல. ருசல்காவும் இப்படித்தான் எத்தன பேரோ. இந்த வகை கதைய பிள்ளைங்க பக்கத்துல போட்டீங்கன்னா நானும் அந்த வாசகரோட சேந்து சண்டைக்கு வருவேன். செத்துப் போன பொண்ணையே குத்தவாளியா நிக்க வச்சு பயமுறுத்தறது வேற, பாசிக்கு பல்லு வச்சு பயமுறுத்தறது வேற.

எங்க ஊரு குட்டைங்களுக்கு வர்றேன். 1985ல ஈயம் வெல விழுந்துச்சு, கம்பெனி ஈயம் வாருற மிதவைக் கப்பல நிறுத்திட்டு போச்சு, தோண்டுன பள்ளமெல்லாம் குட்டையா நின்னுபோச்சு. பாக்க அவ்ளோ அழகா இருக்கும், நீலமா, அசையாம. ஓரத்துல முழங்கால் தண்ணி, ரெண்டு எட்டு வச்சா மணல் சரிஞ்சு ஆள முழுங்குற ஆழம், அடியில சேறு. தோட்டத்துல இருந்த வரைக்கும் எந்த குட்டையில யாரு இருக்கா, எந்த மூலையில கால் வைக்கக் கூடாதுன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும், கன்னிமாருக்கு ஏழு கல்ல நட்டு மஞ்சள் பூசி வச்ச எடத்துக்கு அங்கிட்டு பிள்ளைங்க போவாது. இங்கிலாந்து வடக்க ரோமாக்காரன் காலத்து சுவர் ஓரமா கொவென்டினான்னு ஒரு தண்ணி தேவதைக்கு கெணறு இருந்துச்சு, 1876ல தோண்டுனப்போ 13,000 காசுக்கு மேல கெடச்சிருக்கு, கூடவே மூணு பொண்ணுங்க தண்ணி ஊத்துற மாதிரி செதுக்குன கல்லும். நம்ம கன்னிமாருக்கு காசு போடுறோம்ல, அதேதான்.

அப்புறம் பால் மரத்த வெட்டி சாய்ச்சு செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை, போட்டான், செம்பனைய வெட்டி வீடு கட்டுனான், நம்மாளுங்க அடுக்குமாடிக்கும் தாமான்னு சொல்ற குடியிருப்புக்கும் போயிட்டாங்க, ஏழு கல்லு எங்க போச்சுன்னே தெரியல. குட்டை மட்டும் அங்கயே இருக்கு. வேலி போடச் சொல்லி ஆபீஸுக்கு ரெண்டு தடவ எழுதுனேன், ஒரு போர்டு வச்சாங்க, பஹாயான்னு சிவப்புல எழுதி, மலாய்ல ஆபத்துன்னு அர்த்தம். அந்த போர்டு மேலதான் பையனுங்க சட்டைய கழட்டி மாட்டிட்டு குதிக்கறானுங்க, நான் என் கண்ணால பாத்தேன். என் பேத்திக்கு கடல்கன்னி எப்படி இருப்பான்னு தெரியும், வீட்டுல இருந்து மோட்டோல அஞ்சு நிமிஷத்துல இருக்கற குட்டைக்குள்ள யாரு இருக்கான்னு தெரியாது.

அதனால ஐயா, சிறுவர் பக்கத்த நிறுத்தாதீங்க. ஆனா கதைக்கு கீழ எந்த தோட்டம், எந்த ஆறு, எந்த மூலைன்னு விலாசத்தோட போடுங்க, பெருசுங்கள எழுதச் சொல்லுங்க, எழுத வராதவங்க பேரப்பிள்ளைகிட்ட சொல்லி டைப் பண்ணி அனுப்பட்டும். மொத கதைய நானே தர்றேன்.

பத்தாங் பழைய ஈயக்குட்டையில மூணாவது, செம்பனை பக்கம் இல்ல, மணல் மேடு இருக்கற பக்கம். அங்க ஒரு எருமை இருக்கு. கரையில இருந்து பாத்தா கருப்பா முதுகு மட்டும் தெரியும், தரைதான்னு தோணும், மேல ஏறி நிக்கலாம் போல இருக்கும். ஏறி நின்னா அது மெதுவா உக்காரும். எங்க அப்பா எனக்கு சொன்னது, கங்காணி மகன் ஒருத்தன் அது மேல நின்னத அவரு பாத்திருக்காரு.

இப்படிக்கு,
தோட்டத்துல பொறந்த பழைய கப்பல்காரன்,
பத்தாங் பெர்ஜுந்தை