கமிட்டிக்கு ஆளை யார் தேர்ந்தெடுப்பது?

ஆசிரியருக்கு வணக்கம்.

தொழிற்சங்கம் வந்தால் உற்பத்தி படுத்துவிடும் என்று தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் அடித்துப் பேசினார். அம்பத்தூரில் முப்பது வருடம் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் நின்றவன் நான், கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

கலிபோர்னியாவில் ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் கார் ஆலை இருந்தது. ஐந்தில் ஒருவர் வேலைக்கு வரமாட்டார், தரமும் மோசம், 1982இல் மூடிவிட்டார்கள். 1984இல் டொயோட்டாவும் சேர்ந்து அதை நம்மி என்ற பெயரில் திறந்தபோது, எடுத்த ஆட்களில் பெரும்பாலோர் பழைய தொழிலாளர்கள், சங்கமும் அதே யு.ஏ.டபிள்யூ. என்ற அமெரிக்க கார் தொழிலாளர் சங்கம்தான். ஆனால் கோளாறு கண்டால் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தும் உரிமை இப்போது லைனில் நிற்பவருக்கே இருந்தது. ஆட்குறைப்புக்கு முன்னால் அதிகாரிகளின் சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்று சங்கத்தோடு போட்ட ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள், பிறகு விற்பனை சரிந்தபோதும் யாரையும் அனுப்பாமல் பயிற்சியில் உட்கார வைத்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் மற்ற ஆலைகளைவிட அது உற்பத்தித்திறனில் முன்னே போனது. வேலை போகாது என்று தெரிந்தால்தானே ஒருவன் “இதை இப்படிச் செய்தால் சீக்கிரம் முடியும் சார்” என்று வாயைத் திறப்பான்!

இங்கேயும் அப்படி வாயைத் திறக்க இடம் உண்டு: நூறு பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில், நிர்வாகமும் தொழிலாளர்களும் சேர்ந்து பேசும் ஒர்க்ஸ் கமிட்டி அமைக்கச் சொல்ல 1947 தொழில் தகராறு சட்டத்திலேயே வழி இருந்தது. எங்கள் கம்பெனியிலும் இருந்தது, ஆனால் ஆளைப் பொறுக்கியது பர்சனல் ஆபீஸ். கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசிக் கலைவார்கள். ஒருமுறை தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சான டை தேய்ந்து பீஸெல்லாம் பிசிறோடு விழுந்தது, சொன்னால் “கவுன்ட் எங்கே?” என்றார் சூப்பர்வைசர், லாட் மொத்தமும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த பிறகுதான் டையைக் கழற்றினார்கள். அப்புறம் சில வருடம் கழித்து ஓட்டுப்போட்டு எங்கள் ஆட்களை அனுப்பினோம், அவர்கள் முதல் கூட்டத்தில் எடுத்த விஷயமே டை பராமரிப்புதான்.

2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது அங்கே முக்கியமான கோரிக்கை. முதல் நாளே உட்கார்ந்து பேசியிருந்தால் அத்தனை நாள் போயிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எந்தெந்த ஆலையில் ரகசிய வாக்கெடுப்பு நடத்திக் கமிட்டிக்கு ஆள் எடுத்தார்கள், கடைசியாக எப்போது கூட்டம் போட்டார்கள் என்ற பட்டியலைத் தொழிலாளர் துறை வெளியிடட்டும்.

ஓய்வுபெற்ற பிரஸ் ஆபரேட்டர்,
அம்பத்தூர்.