மூன்று முழு நாள் முன்னறிவிப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

பள்ளிகொண்டா, ஒடுகத்தூர் அளவுள்ள பேரூராட்சிகளுக்கு இங்கிலாந்தின் சந்தை ஊர்களிடம் எடுத்துக்கொள்ளத்தக்க வழக்கம் ஒன்று உண்டு. அங்கே டவுன் கவுன்சில் என்ற ஊர் மன்றம் கூடுவதற்கு மூன்று முழு நாள் முன்பே இடமும் நேரமும் ஊரறிய ஒட்டவேண்டும். பேசப்போகும் விஷயங்களின் பட்டியலான பொருள் நிரல் உறுப்பினர் கைக்குப் போயிருக்கவேண்டும். ஒட்டிய நாள், கூடும் நாள், ஞாயிறு, பொதுவிடுமுறை எதுவும் கணக்கில் சேராது. ஆக, திங்கட்கிழமைக் கூட்டத்துக்குப் புதனுக்குள் ஒட்டியாகவேண்டும். வெள்ளிக்கிழமை ஒட்டினால் செல்லாது. இந்தக் கணக்கில்தான் அங்கும் சறுக்குகிறார்கள். நிரலில் இல்லாததைத் தீர்மானமாக்க முடியாது. 'இதர பொருள்கள்' என்ற வாலில் ஒரு டெண்டரைத் தொங்கவிட வழியில்லை!

அந்நாட்டின் 1960-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொதுமக்கள் உள்ளே உட்கார்ந்து கேட்கலாம். அதோடு ஆண்டுதோறும் மார்ச் 1 முதல் ஜூன் 1-க்குள் வாக்காளர் கூட்டம் ஒன்று நடக்கவேண்டும், அதுவும் மாலை 6 மணிக்கு முன் தொடங்கக்கூடாது. வேலைக்குப் போகிறவர்களும் வரட்டும் என்பதற்காக இருக்கலாம். ஆறு வாக்காளர்கள் சேர்ந்தால் தனிக்கூட்டமே கூட்டலாம்.

நம் கிராம சபைக்கு ஆண்டில் 6 நாள் குறித்தாயிற்று. பேரூராட்சி மன்றக் கூட்டத்தின் நிரலையும் பேருந்து நிலையம், ரேஷன் கடை, குடிநீர்த் தொட்டி அருகே முன்கூட்டியே ஒட்டலாமே. செலவு நாலு தாளும் கொஞ்சம் பசையும்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்