பரிசலில் இன்னொரு ஆள்

மேட்டூர்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுவது. நேற்று சாயங்காலம் அம்மா போனில் பாப்பாவின் அழுகையைக் கேட்க வைத்தாள். வலை விடக் கிளம்பிய நேரம். துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உடம்பு எப்படி இருக்கிறது, சாமி? அம்மா கொண்டுவந்த பால்சுறாக் கருவாட்டைப் பூண்டு நிறையப் போட்டுச் சாப்பிடு. நம் அணையில் சுறா ஏது, சந்தையில் வாங்கியதுதான். பால் ஊறும் என்று உன் ஆத்தா அன்றைக்கு உன் அம்மாவுக்கும் அதைத்தான் கொடுத்தார்கள். உடம்பு தேறட்டும், விரால் கொடுத்தனுப்புகிறேன்.

28 வருடமாக மனதில் கிடக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ பிறந்த அன்று கரையில் ஒருத்தர், "பரிசலுக்குப் பையன் இல்லாமப் போச்சே" என்றார். நான் பதில் பேசாமல் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். அது இன்றைக்கும் உறுத்துகிறது.

எங்க அப்பாரு காவிரியில் பரிசல் போட்டு ஆட்களை அக்கரை சேர்த்தவர். 1934-இல் அணை கட்டி முடித்து, ஊரும் துறையும் தண்ணீருக்குள் போயின. மேடேறியபோது அவர் கையில் மிஞ்சியது பரிசல்தான். அப்புறம்தான் வலை. தண்ணீர் இறங்கும் வருடங்களில் பண்ணவாடி ஜலகண்டேசுவரர் கோயில் நந்தி வெளியே தெரியுமே, அதைக் காட்டித்தான் நம் வீடு எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குச் சொன்னார். நான் உனக்குக் காட்டினேன்.

நீ ஆறாவது படித்தபோது, ஓர் ஆனி மாத மதியம், நான் குனிந்து வலை இழுத்துக்கொண்டிருந்தேன். எதிரே குந்தியிருந்த நீ, "அப்பா, அங்க தண்ணி கறுத்து வருது, திரும்பிடலாம்" என்றாய். பாதி வலையை அப்படியே விட்டுத் திரும்பினோம். கரை சேர்வதற்குள் அலை விளிம்பைத் தாண்டி உள்ளே அடித்தது. சோற்றுப் போசியால் நீ மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாய். அழவே இல்லை. வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்ததும்தான் அழுதாய்.

முந்தாநாள் அதே பெரியவர், "பேத்தியா..." என்று இழுத்தார். "பேத்திதானுங்க. அவ அம்மா இல்லீனா நான் இன்னிக்கு இங்க நிக்கமாட்டேன்" என்றேன். முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது. அதனால்தான் இந்தக் கடிதம்.

பாப்பா துடுப்புப் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எது பிடிக்கிறதோ அதைப் படிக்கட்டும். ஆனால் அவளுக்குத் தண்ணீர் பழக வேண்டும். மீனில் ரோகு எது, மிர்கால் எது என்று தெரிய வேண்டும். குஞ்சையும் அரித்துக்கொண்டு வரும் சின்னக்கண் வலையை நாம் ஏன் தொடுவதில்லை என்று அப்புச்சி என் மடியில் உட்கார்ந்து கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

ஆடி 18-க்கு வர வேண்டாம். முனியப்பன் கோயில் பக்கம் கால் வைக்க இடம் இருக்காது, பச்சைக் குழந்தைக்கு அந்தக் கூட்டம் ஆகாது. தை பிறந்ததும் வாருங்கள், மாப்பிள்ளையிடமும் சொல். பரிசலில் உடைந்த மூங்கில் பத்தை இரண்டை மாற்றி, அடியில் புதுத் தார் பூசிக் காயவைத்திருக்கிறேன். விடிந்ததும் கிளம்பினால் பாப்பாவை நந்தி இருக்கும் பக்கமாக ஒரு சுற்று கூட்டிப்போய் வந்துவிடலாம். நான் துடுப்புப் போடுகிறேன். காற்றை நீ பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா