டீசல் தட்டுப்பாட்டில் கைகொடுத்த ஊர்க்காரர்களுக்கு

ஊர்க்காரர்களுக்கும், டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கும், பட்டறைக்காரர்களுக்கும் வணக்கம்.

எங்களுடையது லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர் கொடுத்தாலே பெரிது என்கிற மூன்றரை டன் மோட்டர்ஹோம், அதாவது உள்ளேயே தங்கிக்கொள்ளும் வசதியுள்ள வண்டி. டீசல் கிடைக்காத நேரத்தில் அதை ஊருக்குள் கொண்டுவந்து நிறுத்தினால் யாருக்கும் எரிச்சல் வரும். நீங்கள் முகம் சுளிக்கவில்லை. எதெதற்கு நன்றி என்பதை, மோட்டர்ஹோமில் வந்த எல்லோர் சார்பிலும் விவரமாகவே சொல்லிவிடுகிறோம்.

முதலில், டிரம்மைக் கையாண்ட விதத்துக்கு. 200 லிட்டர் டிரம்மை நிமிர்த்தி வெளியில் வைத்தால் மூடிமேல் மழைநீர் தேங்கும். இரவுக் குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்கும்போது அந்த நீரை மூடியின் மரை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். நீங்கள் சாய்த்து வைத்திருந்தீர்கள். முந்தைய இரவிலிருந்தே அசைக்காமல் விட்டு, அடியில் நாலு விரல் ஆழத்தைத் தொடாமல், மேலாக ஓஸ் போட்டு எடுத்தீர்கள். தண்ணீரும் துருவும் அடியில்தான் நிற்கும். கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, அரை மணி நேரம் வைத்து, வெளிச்சத்தில் பார்த்த பிறகே கேனில் ஊற்றினீர்கள். கலங்கலாகத் தெரிந்தால் தண்ணீர் இருக்கிறது. பழைய டிராக்டர் இன்ஜின் ஓரளவு தாங்கும். எங்கள் வண்டியில் இருப்பது காமன் ரெயில் இன்ஜெக்டர்: 1,600 பார் அழுத்தத்தில் டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சுவது. அது தாங்காது.

மண்ணெண்ணெய் கலந்து அளவைக் கூட்டலாம் என்ற பேச்சை அங்கேயே வெட்டிவிட்டவருக்குத் தனி நன்றி. இன்ஜெக்டருக்கு அழுத்தம் கொடுக்கும் பம்புக்கு டீசலேதான் மசகு. மண்ணெண்ணெயில் வழவழப்பு குறைவு. பம்ப் தேய்ந்து, இரும்புத் துகள் இன்ஜெக்டர் வரை போய்விடும். மிச்சம் பிடித்த காசெல்லாம் பட்டறைக்கே.

டேங்க் வறண்டு, டீசல் குழாயில் காற்று புகுந்து நின்ற எங்கள் வண்டியைப் பார்த்த பட்டறைக்காரர்கள் யாரும் சாவியைத் திருகிக்கொண்டே இருக்கவில்லை. பத்து லிட்டர் ஊற்றி, கைப்பம்பை அது கெட்டியாகும் வரை அழுத்தி, ஃபில்டர்மேல் உள்ள திருகை அரைச் சுற்று தளர்த்தி, குமிழி நின்றதும் இறுக்கினார்கள். பிறகுதான் ஸ்டார்ட்டர்: பத்து நொடிக்கு மேல் இல்லை, நடுவில் அரை நிமிட ஓய்வு. இன்ஜெக்டர் பைப்புகளில் யாரும் கை வைக்கவில்லை. இன்ஜின் ஓடும்போது அங்கே கசியும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பழைய இன்ஜினில் அந்தப் பைப்புகளைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றும் பழக்கம் இங்கே ஆபத்து.

வழி சொன்னவர்களும் கணக்குத் தெரிந்தவர்கள். இந்த எடையை 300 மீட்டர் மேலே ஏற்ற மட்டும் முக்கால் லிட்டருக்கு மேல் போகும். இறங்கும்போது பிரேக்கில் கரைவது போனதுதான். ஐந்து கிலோமீட்டர் சுற்றானாலும் சமதளச் சாலையே மேல் என்றீர்கள். தாழ்வாகத் தொங்கும் மின்கம்பி எந்தத் தெருவில் என்பதையும் முன்கூட்டியே சொன்னீர்கள். மூன்று மீட்டர் உயர வண்டிக்கு அது சின்ன விஷயமில்லை.

"பாசன இன்ஜினுக்கே போதாது, தர முடியாது" என்று நேராகச் சொன்னவர்களுக்கும் நன்றி. அடுத்த ஊரில் கிடைக்கலாம் என்று ஒப்புக்குச் சொல்லியிருந்தால், இருபது கிலோமீட்டர் போய் வெறுங்கையோடு திரும்புவதிலேயே ஐந்து லிட்டர் தீர்ந்திருக்கும்.