டைகருக்கு ஆங்கிலம் தெரியாது, சித்தப்பா

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பூர் வீட்டு மொட்டை மாடியில் நீங்கள் உங்கள் நாய் டைகரைத் திட்டியபோது நான் வாயைத் திறக்கவில்லை. சித்தி எதிரில் உங்களைத் திருத்தினால் எனக்கும் நல்லதில்லை, டைகருக்கும் நல்லதில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

"காலையில் 'சிட்' என்றால் உட்காருகிறான், சாயங்காலம் சொன்னால் முழிக்கிறான், எல்லாம் திமிர்" என்றீர்கள். நான் இரண்டு வேளையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் லேசாகக் குனிந்து, ஆட்காட்டி விரலை உயர்த்தி, புருவத்தையும் தூக்கிக்கொண்டு சொன்னீர்கள். மாலையில் ஒரு கையில் காபி டம்ளர், மறு கையில் செல்போன். வாய் மட்டும் "சிட்" என்றது. டைகரைப் பொறுத்தவரை உட்காரச் சொல்வது உங்கள் விரல். அது வரவில்லை, அவனும் காத்துக்கொண்டிருந்தான். (மாட்டிடமும் பூனையிடமும் தமிழில் பேசுகிற நாம் நாயைக் கண்டதும் ஏன் ஆங்கிலத்துக்குத் தாவுகிறோம் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.)

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவன் வெள்ளையன். உங்களுக்கு நினைவிருக்கும், திருவான்மியூர் வீட்டில் நான் வளர்த்த ராஜபாளையம். அந்த இனத்தில் பிறவிச் செவிடு அபூர்வமில்லை. வெள்ளை நிறத்தோடு ஒட்டி வருகிற குறை அது. வெள்ளையனுக்குக் காது கேட்காது என்பது முதல் நான்கு மாதம் எங்கள் யாருக்குமே தெரியவில்லை. "வா" என்றால் வந்தான், "உட்கார்" என்றால் உட்கார்ந்தான். ஒருநாள் சமையலறை வாசலில் படுத்திருந்தவன், குக்கர் தலைமாட்டில் விசிலடித்தும் காதைக்கூட அசைக்காமல் தூங்கினான். அப்போதுதான் சந்தேகம் வந்தது. அதுவரை அவன் எங்கள் கையையும் தோளையும் பார்த்தே காலத்தை ஓட்டியிருக்கிறான்.

அதன்பின் எங்கள் வீட்டில் ஒரு சைகை மொழியே உருவானது. கட்டைவிரலை உயர்த்தினால் சபாஷ். உள்ளங்கையைக் காட்டினால் நில். இருட்டிய பிறகு மாடி விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டால் கீழே வா. மின்வெட்டு நாட்களில் மட்டும் நானே படியேறிப் போய் அழைத்து வர வேண்டும். விடிகாலையில் எலியட்ஸ் கடற்கரையில் அவனை அவிழ்த்துவிடுவேன், செய்யக் கூடாததுதான். தூரத்தில் நான் கைகளை அகல வீசினால் அம்பு போல ஓடிவருவான். ஒருநாள் சும்மா நின்றேன். என்னைப் போலவே நீலச் சட்டை போட்டு நடந்துகொண்டிருந்த யாரோ ஒருவரிடம் போய் வாலாட்டினான். அசைவதைத்தான் நாய்க்கண் எளிதில் பிடிக்கும். 14 போலீஸ் நாய்களைச் சோதித்த 1936-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், அசையும் பொருளை அவற்றில் கூர்ந்த பார்வை கொண்டவை 810 முதல் 900 மீட்டர் தொலைவிலும் கண்டுகொண்டன. அதே பொருள் அசையாமல் இருந்தால் 585 மீட்டருக்கு அப்பால் தெரியவில்லை.

நாய் நம்மைப் படிக்கிற விதத்தை ஹங்கேரியில் ஆதாம் மிக்லோஷி என்ற ஆய்வாளரின் குழு நன்றாகக் காட்டியது, 2003-இல். மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களுக்கும் நாய்களுக்கும் திறக்க முடியாதபடி உணவை வைத்தார்கள். ஓநாய் கடைசிவரை தானே மல்லுக்கட்டியது. நாய் சற்று முயன்றுவிட்டுத் திரும்பி மனிதர் முகத்தைப் பார்த்தது. டைகர் "முழிக்கிறான்" என்கிறீர்களே, அது இந்தப் பார்வைதான்.

சித்தியின் உளுந்து வடை விவகாரமும் இதே கதை. நீங்கள் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்ததும் வடை காணாமல் போகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இதையும் சோதித்திருக்கிறார்கள்: தொடக்கூடாது என்று சொன்ன உணவை, மனிதர் கண்ணை மூடியிருக்கும்போதும் முதுகைக் காட்டும்போதும் நாய்கள் அதிகம் எடுத்தன. கண் தம்மீது இருக்கிறதா என்பது அவற்றுக்குத் தெரிகிறது.

இனிச் செய்ய வேண்டியது. விரலும் சொல்லும் ஒன்றாக வந்தால் நாய் விரலை எடுத்துக்கொண்டு சொல்லை விட்டுவிடும். எனவே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதலில் சொல்லுங்கள், ஒரு மூச்சு விடுங்கள், பிறகு விரலைக் காட்டுங்கள். சில நாளில் விரலுக்கு முன்பே உட்கார்ந்துவிடுவான். அப்புறம் விரலின் உயரத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம். "சிட் சிட் சிட்" என்று மந்திரம் போல ஓதாதீர்கள், ஒருமுறை போதும். வேண்டாத அசைவையும் விட்டுவிடுங்கள். "நில்" என்று சொல்லிக்கொண்டே அவனை நோக்கிக் கையை ஆட்டி அழைப்பது உங்கள் பழைய பழக்கம், சித்தியிடமும் அப்படித்தான். சொல்லும் சைகையும் முரண்பட்டால் நாய்கள் பெரும்பாலும் சைகையின் பக்கமே சாய்கின்றன என்று இத்தாலியில் நடந்த ஓர் ஆய்விலும் தெரியவந்தது.

அந்தச் சிவப்புப் பந்தை மட்டும் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிடுங்கள். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் ஏறக்குறைய ஒரே மங்கல் நிறம். பூங்காப் புல்லில் எறிந்துவிட்டு "தேடு" என்றால் அவன் மோப்பம் பிடித்துத்தான் தேட வேண்டும். வரும் ஞாயிறு நீலப் பந்து ஒன்று வாங்கி வருகிறேன். அதுவரை வடைத் தட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்